வைப்ரேனியம்: கேடயமாக, உடையாக, தகடாக. கணக்குப் போட்டுப் பார்த்த ஒரு மதிப்புரை

வைப்ரேனியத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் ஒரே கேள்வியில் போய் நிற்கிறார்கள்: எது பட்டாலும் உடையாதா? இந்த உலோகத்திடம் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. வாங்கிய ஆற்றலை எங்கே வைத்துக்கொள்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு, உந்தத்தை என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்குக் கதைக்காரர்களிடம் அரைகுறையாக ஒரு பதில் உண்டு. இரண்டாவதற்குப் பதிலே கிடையாது, இருக்கவும் முடியாது. இந்த மதிப்புரையின் பாதி அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியதுதான்.

பொருள் இதுதான்: 1966இல் மார்வெல் காமிக்ஸ் அறிமுகப்படுத்திய கற்பனை உலோகம். விண்கல்லாக விழுந்தது, வகாண்டா என்ற கற்பனை நாட்டில் வெட்டி எடுக்கப்படுவது. அதிர்வையும் இயக்க ஆற்றலையும் உறிஞ்சி, தன் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்புகளில் வைத்துக்கொள்ளும் என்கிறார்கள். உறிஞ்ச உறிஞ்ச இன்னும் உறுதியாகுமாம். எஃகைவிட வலிமை, எடையோ அதில் மூன்றில் ஒரு பங்கு. இங்கே பார்க்கப்போவது மூன்று வடிவங்களை: மார்வெல் நாயகன் கேப்டன் அமெரிக்காவின் கேடயம், இன்னொரு நாயகன் பிளாக் பாந்தரின் உடை, வெறும் தகடு. காமிக்ஸில் கேடயம் சுத்தமான வைப்ரேனியம் கிடையாது, இரும்போடு சேர்ந்த கலவை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று காமிக்ஸ் சொல்லும் அளவுகளையும் திரையில் சொல்லப்பட்ட அடர்த்தியையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

கையில் எடுத்தால்

கேடயத்தின் விட்டம் இரண்டரை அடி, எடை 12 பவுண்டு. நம் அளவில் 76 செ.மீ., 5.4 கிலோ. எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய 2600. அலுமினியம் 2700. ஆக, கையில் தூக்கிப் பார்த்தால் அலுமினியத் தட்டுதான். வளைவுக்குக் கொஞ்சம் சேர்த்து மேற்பரப்பை 0.47 சதுர மீட்டர் என்று வைத்தால், தடிமன் 4.4 மி.மீ. வருகிறது. நம்பக்கூடிய அளவு. ஒரு கையில் மாட்டிக்கொண்டு ஓடலாம், தோள் இறங்கிப் போகாது. காமிக்ஸ் எண்களும் திரை எண்களும் இவ்வளவு ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் முழு மதிப்பெண் தரலாம்.

அந்த 4.4 மி.மீ.யை மறந்துவிட வேண்டாம். பின்னால் வரும் தொல்லைகள் பலவற்றுக்கு மூலம் அதுதான்.

குண்டு பட்டால்

7.62 மி.மீ. ரைஃபிள் குண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 9.5 கிராம், வேகம் நொடிக்கு 840 மீட்டர். இயக்க ஆற்றல் 3350 ஜூல். உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது, வெறும் 8 கிலோகிராம் மீட்டர்/நொடி. ஆற்றலை வெப்பமாக்கலாம், ஒலியாக்கலாம், பிணைப்புக்குள் ஒளித்தும் வைக்கலாம். உந்தத்துக்கு அப்படி மாற்று உருவம் எதுவும் இல்லை. குண்டிடம் இருந்த 8 அப்படியே கேடயத்துக்கும், அதைப் பிடித்திருக்கும் கைக்கும், கடைசியில் தரைக்கும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். எந்த உலோகத்துக்கும் இதில் சலுகை கிடையாது.

நல்லவேளை, 8 என்பது சிறிய எண். கேடயத்தை யாரும் பிடிக்காமல் விட்டிருந்தால் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் பின்னால் நகரும். 80 கிலோ ஆள் இறுகப் பிடித்திருந்தால் நொடிக்கு 10 செ.மீ.கூட வராது. சுடுகிறவனின் தோளில் துப்பாக்கி உதைக்கிறதே, கிட்டத்தட்ட அதே அளவு உதை இங்கே கேடயம் வழியாக வருகிறது. சுடுகிறவன் தாங்கினால் தடுக்கிறவனும் தாங்குவான். குண்டைப் பொறுத்தவரை பொருள் சொன்னதைச் செய்கிறது.

ஒரு நுணுக்கம் மட்டும். குண்டின் நீளம் ஏறக்குறைய 30 மி.மீ. அது நசுங்கி நிற்க எடுக்கும் நேரம் நொடியின் பத்து லட்சத்தில் 36 பங்கு. உலோகத்தில் ஒலி நொடிக்கு 5000 மீட்டர் அளவில் போகும். அந்த நேரத்துக்குள் அதிர்வு பரவக்கூடிய தூரம் 18 செ.மீ. மையத்தில் பட்ட அடியைப் பற்றி விளிம்புக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் குண்டு நின்றாயிற்று. அதாவது உறிஞ்சும் வேலையைச் செய்வது முழுக் கேடயமும் இல்லை, நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான உலோகம். படும் இடத்தில் அழுத்தம் 4 கிகாபாஸ்கல் அளவுக்கு ஏறும். நல்ல கவச எஃகு நெகிழத் தொடங்குவது ஒன்றரை கிகாபாஸ்கலை ஒட்டி. உறிஞ்சும் குணம் எவ்வளவு இருந்தாலும், அந்தச் சில மில்லிமீட்டர் வட்டத்துக்குள் கடினத்தன்மையும் இருந்தால்தான் குண்டு உள்ளே போகாது. விளம்பரத்தில் இரண்டையும் ஒரே குணம் போல எழுதிவிடுகிறார்கள்.

வண்டி மோதினால்

இங்கேதான் பொருள் கைவிடுகிறது. இரண்டு மோதல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று, 400 கிராம் பீரங்கிக் குண்டு, நொடிக்கு 1000 மீட்டர் வேகத்தில். ஆற்றல் 200 கிலோஜூல், உந்தம் 400. இன்னொன்று, 1500 கிலோ கார், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில். ஆற்றல் 208 கிலோஜூல், ஏறக்குறைய அதே. உந்தமோ 25,000.

பீரங்கிக் குண்டு பட்டு நின்றால், கேடயமும் ஆளும் சேர்ந்து நொடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் பின்னால் எறியப்படுவார்கள். மோசம்தான், ஆனால் 200இல் 199 கிலோஜூல் உலோகத்துக்குள் போய்விட்டது. கார் மோதினால் ஆளும் கேடயமும் காரோடு சேர்ந்து நொடிக்கு 15.8 மீட்டரில் போவார்கள். காரின் பழைய வேகம் 16.7. அந்த மோதலில் உறிஞ்சுவதற்கென்று கிடைக்கும் ஆற்றலே 11 கிலோஜூல்தான். மிச்சம் 197 கிலோஜூல் கேடயத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. உறிஞ்சும் திறன் நூற்றுக்கு நூறாக இருந்தும் பயன் இல்லை, ஏனென்றால் உறிஞ்ச வாய்ப்பே கிடைப்பதில்லை. எதிரில் வருவது நம்மைவிட எத்தனை மடங்கு கனம் என்பதுதான் முடிவைச் சொல்லும். கேடயத்தின் பின்புறம் பாறையோ தூணோ முட்டுக் கொடுத்திருந்தால் கதை வேறு. கையில் பிடித்திருக்கும் வரை இதுதான் எல்லை.

பீரங்கிக் குண்டிலும் ஒரு பொடி வைத்திருக்கிறது. ஆள் முழுவதும் ஒரே கணத்தில் நகர்வதில்லை. முதலில் நகர்வது 5.4 கிலோ கேடயம் மட்டும். கை அதைத் தடுத்து நிறுத்துவதற்கு முன், அது நொடிக்கு 74 மீட்டர் வேகத்தில் முழங்கை எலும்பைத் தேடி வரும். கேடயத்தில் கீறல்கூட இருக்காது. கையைப் பற்றி உறுதி சொல்ல முடியாது.

ஹெல்மெட்டாகச் செய்தால்

இதைத்தான் பலரும் ஆசையாகக் கேட்கிறார்கள். பதில் சுருக்கமானது: தடிமன் போதாது.

மோதலில் மண்டையைக் காப்பாற்றுவது நிற்கும் தூரம். ஐரோப்பிய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் விதியில் ஒரு சோதனை நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் தலையச்சை இரும்பு மேடையில் மோதவிடுவது. உச்ச வேகக்குறைவு 275 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 275 மடங்கு, தாண்டக் கூடாது. ஆரம்பம் முதல் முடிவு வரை சீராக 275 ஜியிலேயே நிறுத்தினால்கூட 10.4 மி.மீ. தூரம் வேண்டும். நிஜத்தில் எதுவும் அவ்வளவு சீராக நிறுத்தாது, அதனால்தான் உள்ளே தெர்மோகோல் மாதிரி இருக்கும் பாலிஸ்டைரீன் நுரையை 30 மி.மீ. அளவில் வைக்கிறார்கள். நுரை தன் தடிமனில் 60, 70 சதவீதம் நசுங்கியதும் இறுகிவிடும். ஆக, கையில் கிடைப்பது 20 மி.மீ. அளவு.

4 மி.மீ. வைப்ரேனிய ஓடு முழுவதும் நசுங்கி, அந்த 4 மி.மீ.க்குள் தலையை நிறுத்தினால் 700 ஜி வரும். ஓடு நசுங்காமல் உறுதியாக நின்றாலோ இன்னும் கேவலம். ஆற்றல் எல்லாம் ஓட்டுக்குள் போய்விட்டது என்று மூளைக்கு யார் சொல்வது? அது மண்டைக்குள் தன் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. ஓடு வைப்ரேனியமாகவே இருந்தாலும் உள்ளே அதே 30 மி.மீ. நுரை வேண்டும். அப்படியென்றால் பாதுகாக்கும் வேலையைச் செய்வது நுரைதான், நுழையாமல் தடுப்பது மட்டும் ஓடு. அந்த வேலைக்குப் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கே போதும்.

உயரத்திலிருந்து கேடயத்தின் மேல் விழுந்து எழுந்து நடப்பதும் இதே கணக்கு. 20 மீட்டர் உயரம் என்றால் தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 20 மீட்டர். கேடயத்தின் தடிமனுக்குள் நின்றால் 4500 ஜி. கையை மடக்கி 30 செ.மீ. தூரம் சம்பாதித்தால் 67 ஜி. காப்பாற்றியது எது? மடங்கிய கை.

எறிந்தால் திரும்பி வருமா?

கேடயத்தை வாங்குகிறவர்கள் பாதிப் பேர் இதற்காகத்தான் வாங்குவார்கள், அதனால் நேரடியாகவே சொல்லிவிடலாம்: அதிர்வை முழுவதும் உறிஞ்சும் தட்டு சுவரில் பட்டால் சொத்தென்று கீழே விழும். துள்ளுவதற்கு, வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தர வேண்டும். இரும்புப் பலகையில் விட்ட கோலிக்குண்டு திருப்பித் தருகிறது, அதனால் துள்ளுகிறது. ஈரக் களிமண் உருண்டை தராது. வைப்ரேனியம் சொல்லும் குணம் களிமண்ணுடையது. காட்டும் வித்தை கோலிக்குண்டுடையது. சுவர் தன் பங்குக்குக் கொஞ்சம் திருப்பித் தரும் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று சுவர், இரண்டு தலை என்று தாவிக் கைக்கு வந்து சேர அது காணாது.

ஓசையும் காட்டிக்கொடுக்கிறது. திரையில் கேடயத்தில் அடி விழும்போதெல்லாம் கணீரென்று நீண்டு ஒலிக்கிறது. கணீர் என்று ஒலிப்பதே தணிப்பு, அதாவது அதிர்வை அடக்கும் குணம், இல்லாததன் அடையாளம். தட்டின் அதிர்வு ஆயிரம் தடவை ஆடிய பிறகும் சாகாமல் இருந்தால்தான் அந்த நாதம். தணிப்பு மிகுந்த உலோகத்தைச் சுத்தியலால் தட்டினால் 'டொக்' என்று ஒரே ஓசை, அதோடு சரி.

ஒரே ஒரு வழியில் இதற்குச் சாக்குச் சொல்லலாம். நிஜப் பொருட்களில் தணிப்பு ஒரு நிலையான எண் கிடையாது. வெப்பநிலைக்கும் அதிர்வெண்ணுக்கும் ஏற்ப மாறும். பியூட்டைல் ரப்பர் பந்து அறை வெப்பத்தில் செத்த பந்து. அதையே சுடவைத்தால் துள்ளும். கேடயத்துக்கும் அப்படி ஒரு குணம் இருந்தால், குண்டுகள் வாங்கிச் சூடேறிய பிறகு எறிந்தால் மட்டும் திரும்பி வரும். காலையில் முதல் தடவை எறியும்போது பக்கத்தில் யாரும் பார்க்காமல் இருப்பது நல்லது.

விழுங்கியது எங்கே போகிறது?

எல்லாம் வெப்பமாகிறது என்று முதலில் வைப்போம். அலுமினியம் மாதிரி கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 900 ஜூல் வாங்கும் என்றால், 5.4 கிலோ கேடயத்தை ஒரு டிகிரி சூடேற்ற 4860 ஜூல் வேண்டும். ஒரு ரைஃபிள் குண்டுக்கு 0.7 டிகிரி. தெரியவே தெரியாது. நொடிக்குப் பத்துக் குண்டு வீதம் இயந்திரத் துப்பாக்கி அடித்தால் நொடிக்கு 7 டிகிரி ஏறும். பத்து நொடியில் பின்பக்கத் தோல்வாரைப் பிடிக்க முடியாது. ஒரு நிமிடத்தில் 400 டிகிரியைத் தாண்டும். நேர்மையான உலோகமாக இருந்தால் இப்படித்தான் நடக்கும். வாருக்கும் தகட்டுக்கும் நடுவில் செராமிக் நார்ப் பட்டை வைக்காத வடிவமைப்பைக் குறை என்றே எழுத வேண்டும்.

ஆனால் வெப்பமாகவில்லை, பிணைப்புகளில் சேமிக்கிறது என்கிறார்கள். இது முற்றிலும் கற்பனை இல்லை என்பதுதான் இந்தப் பொருளின் சுவாரசியமான பகுதி. அணு உலைகளில் இருக்கும் கிராஃபைட்டை நியூட்ரான்கள் தாக்கும்போது கார்பன் அணுக்கள் தங்கள் இருப்பிடத்தை விட்டு விலகி, படிகத்தின் இடைவெளிகளில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. சிக்கிய ஒவ்வொன்றும் ஆற்றலைப் பிடித்து வைத்திருக்கும். விக்னர் ஆற்றல் என்று பெயர். கிராமுக்கு 2700 ஜூல் வரை சேரலாம். தொட்டுப் பார்த்தால் குளிர்ந்த கல். 250 டிகிரிக்குச் சூடேற்றினால் அணுக்கள் மொத்தமாகத் தம் இடத்துக்குத் திரும்பும். ஆற்றல் வெப்பமாகக் கொட்டும். அந்த வெப்பம் பக்கத்து அணுக்களையும் விடுவிக்கும். 1957 அக்டோபரில் பிரிட்டனின் விண்ட்ஸ்கேல் உலையில் தீப்பிடித்தது, இந்த ஆற்றலைத் திட்டமிட்டு வெளியேற்றச் சூடேற்றியபோதுதான்.

வைப்ரேனியத்தின் குணமாகச் சொல்லப்படுவது இதற்கு மிக நெருக்கம். அதனால் அதற்கும் ஒரு கொள்ளளவு உண்டு, ஒரு தூண்டு வெப்பநிலையும் உண்டு என்றே கொள்ள வேண்டும். கிராஃபைட் அளவை வைத்தால் 5.4 கிலோ கேடயம் 14.6 மெகாஜூல் கொள்ளும். மூன்றரை கிலோ டி.என்.டி. வெடிமருந்து அளவு. மேல்வரம்பு எங்கே என்றால், அணுக்களை ஒன்றாகப் பிடித்திருக்கும் மொத்தப் பிணைப்பு ஆற்றலில். அலுமினியத்துக்கு அது கிலோவுக்கு 12 மெகாஜூல். கேடயம் முழுவதற்கும் 65. அதற்கு மேல் சேமிக்கச் சொன்னால் அது திண்மமாக இருக்காது, ஆவியாக இருக்கும். உறிஞ்ச உறிஞ்ச உறுதியாகும் என்ற வாக்கும் இந்த இடத்தில் இடிக்கிறது. பிணைப்பில் ஆற்றலை ஏற்றுவது என்றால் அதை அதன் தாழ்ந்த நிலையிலிருந்து உயர்த்துவது, அதாவது அவிழ்வதற்குப் பக்கத்தில் கொண்டுபோவது. அடித்து அடித்துக் கடினமாகும் உலோகங்கள் நிஜத்தில் உண்டு. செம்புக் கம்பியை வளைத்து நிமிர்த்தினாலே தெரியும். ஆனால் அவை கடினமாகும் அளவுக்கு நொறுங்கும் தன்மையும் ஏறும், வளைத்துக்கொண்டே இருந்தால் படக்கென்று போகும்.

பிளாக் பாந்தர் உடை

2018 படத்தில் வரும் உடை வாங்கிய அடிகளைச் சேர்த்துவைத்து ஒரே வீச்சில் வெளியே விடுகிறது. மேலே சொன்ன எல்லாம் இதற்கும் பொருந்தும், கூடவே இது உடம்பை ஒட்டி இருக்கிறது. 200 ரைஃபிள் குண்டு வாங்கினால் 670 கிலோஜூல். 160 கிராம் டி.என்.டி.க்குச் சமம், ஒரு கைக்குண்டுக்குள் இருக்கும் வெடிமருந்து அளவு. அதை மார்பிலும் முதுகிலும் பரப்பிப் போட்டுக்கொண்டு நடக்கிறோம். சேமிக்காமல் வெப்பமாகவே விட்டிருந்தால், உடை 5 கிலோ என்று வைத்தால், 150 டிகிரி ஏறும். வெடிமருந்தா, இஸ்திரிப் பெட்டியா என்பதுதான் தேர்வு.

வெளியேற்றத்திலும் உந்தம் விடாது. சுற்றிலும் சமமாக விட்டால் உதை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், சரி. ஒரு பக்கம் மட்டும் விட்டால் மறுபக்கம் அதே உதை போட்டிருப்பவருக்கு. உடையின் உள்பக்கமும் ஒரு பக்கம்தானே என்ற கேள்விக்கு எங்கும் பதில் இல்லை. ஆற்றலை வெளிப்பக்கம் மட்டும் அனுப்ப உள்ளே முட்டுக் கொடுக்கும் கனமான படலம் ஒன்று வேண்டும், இவ்வளவு மெல்லிய உடையில் அதற்கு இடம் இல்லை. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்ட ஊதா நிறத்தில் ஒளிர்வது மட்டும் நல்ல வடிவமைப்பு. அளவுகாட்டி இல்லாத ஆற்றல் சேமிப்புச் சாதனத்தை யாரும் உடம்பில் மாட்டக் கூடாது.

தகடாக, பட்டறையில்

கேடயமும் உடையும் போகட்டும், தகடாகக் கிடைத்தால்? அங்கேதான் இந்த உலோகத்தின் உண்மையான மதிப்பு. பொருட்களின் அறிவியலில் ஒரு பழகிய உண்மை உண்டு: விறைப்பு கூடினால் தணிப்பு குறையும். விறைப்பின் அளவான யங் குணகத்தை கிகாபாஸ்கலில் எடுத்து, தணிப்பின் அளவான இழப்புக் காரணியால் பெருக்கினால், பெரும்பாலான பொருட்களுக்கு 0.04ஐச் சுற்றியே வருகிறது. எஃகுக்கு 200, அதனால் இழப்புக் காரணி 0.0002 அளவு. மெத்தென்ற ரப்பருக்கு விறைப்பு 0.04, இழப்புக் காரணி 1 வரை. எஃகு விறைப்பும் ரப்பர் தணிப்பும் ஒரே தகட்டில் என்றால் இந்தக் கோட்டிலிருந்து 5000 மடங்கு விலகல். கேடயம் உடையாது என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

அப்படி ஒரு தகட்டை முதலில் கேட்கப்போவது லேத் ஓட்டுகிறவர்கள். துளையை உள்ளே குடைந்து அகலமாக்கும் தண்டான போரிங் பார் நீளமானால் அதிரும், வேலைப்பொருளில் அலை அலையாகக் கோடு விழும். எஃகுப் பார் தன் விட்டத்தைப் போல நாலு மடங்கு நீட்டலாம், கார்பைடு ஆறு மடங்கு. உள்ளே எண்ணெயில் மிதக்கும் கனப் பொருள் வைத்த தணிப்புப் பார் பத்து மடங்கு. கார்பைடால் உறுதியூட்டியது 14. வைப்ரேனியப் பார் என்றால் உள்ளே எந்த வித்தையும் தேவைப்படாது. எல்லை வைப்பது அதன் வளைவு மட்டும்தான்.

ஆனால் அந்தத் தகட்டைச் சோதிப்பது தலைவலி. உலோகத்துக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க மீயொலி அனுப்பி எதிரொலி கேட்பது வழக்கம். உறிஞ்சும் உலோகத்தில் பின்சுவர் எதிரொலியே வராது, திரை வெறிச்சோடிக் கிடக்கும். சட்டியைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டிப் பார்க்கவும் முடியாது. நல்லதும் 'டொக்', விரிசல் விட்டதும் 'டொக்'. எக்ஸ்ரே எடுக்கலாம். மேற்பரப்பு விரிசலுக்குச் சாய ஊடுருவல் சோதனை. மின்னைக் கடத்தினால் சுழல் மின்னோட்டச் சோதனை. மீயொலியால் தேய்த்து ஒட்டும் வெல்டிங் வேலை செய்யாது. இரண்டு தகடு உரசும் இடத்துக்கு அதிர்வு போய்ச் சேர்ந்தால்தானே.

அறையைச் சத்தமில்லாமல் ஆக்க இதை வாங்க நினைப்பவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். காற்றில் வரும் ஒலி திடமான உலோகத்துக்குள் நுழையாது. காற்றின் ஒலித்தடை 415 அளவு, இந்தத் தகட்டுக்கு ஒரு கோடியே முப்பது லட்சம். பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் உள்ளே போகும், மிச்சம் முகத்தில் அடித்தாற்போல் திரும்பிவிடும். உள்ளே வந்தால் விழுங்கும், வரவே வராது. காற்றொலியை உறிஞ்ச நுண்துளைகள் வேண்டும், அதற்குக் கண்ணாடி நாரும் பாறை நாரும் இருக்கின்றன. சுவராக நிறுத்தினால் எடைக்குத் தக்கபடி தடுக்கும்: சதுர மீட்டருக்கு 11.5 கிலோ, 500 ஹெர்ட்ஸில் 28 டெசிபல். அதே எடை ஜிப்சம் பலகையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இது கிடைக்காதவர்களுக்கு

மாங்கனீசு-செம்புக் கலவைதான் நிஜத்தில் இதன் ஏழைச் சொந்தக்காரன். தட்டினால் மரம் மாதிரி ஒலிக்கும். நீர்மூழ்கிக் கப்பலைத் தள்ளும் சுழல் விசிறிகளுக்குப் பயன்பட்டது. படிகத்துக்குள் இரட்டை எல்லைகள் (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான பகுதிகள் சேரும் இடங்கள்) முன்னும் பின்னும் நகர்வதால் தணிப்பு வருகிறது. சூடேறினால் அந்த எல்லைகளே மறைந்துவிடும், தணிப்பும் போய்விடும். சும்மா வைத்திருந்தாலும் நாளாக ஆகக் குறையும். நிக்கல்-டைட்டானியக் கலவை 8 சதவீதம் வரை நீண்டு பழைய வடிவத்துக்குத் திரும்பும், போகவரக் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக்கும். வேகமாக ஆட்டினால் அந்த வெப்பமே அதைக் கெடுக்கும்: ஒவ்வொரு டிகிரிக்கும் அதை நீட்டத் தேவையான தகைவு 6, 7 மெகாபாஸ்கல் ஏறிக்கொண்டே போகும்.

மோதலுக்கு என்றால் அலுமினிய நுரை. உருகிய அலுமினியத்தில் ஒன்றரை சதவீதம் கால்சியம் கலந்து கெட்டியாக்கி, 1.6 சதவீதம் டைட்டானியம் ஹைட்ரைடு போட்டால் ஹைட்ரஜன் குமிழிட்டு ரொட்டி மாதிரி உப்பும். 5 மெகாபாஸ்கலில் நசுங்கத் தொடங்கிப் பாதித் தடிமன் வரை அதே அழுத்தத்தில் நசுங்கும் நுரை என்றால், மேலே சொன்ன காரின் 208 கிலோஜூலுக்கு 83 லிட்டர் போதும். எடை 33 கிலோ. ஒரே தடவைதான். பிறகு தூக்கிப் போட வேண்டும். ஆனால் தூரம் தருகிறது, வைப்ரேனியம் தராதது அதைத்தான்.

தகடு அதிர்வை அடக்க, அலுமினியத் தாள் ஒட்டிய 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் போதும். தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, எண்ணெய்ப் பசை முழுக்கப் போன பிறகு ஒட்டுங்கள். கை ரோலரால் தாளின் மேலுள்ள வைர அச்சு மழுங்கும் வரை அழுத்த வேண்டும். அச்சு தெரிந்தால் அடியில் காற்று நிற்கிறது என்று பொருள். முழுத் தகட்டையும் மூடத் தேவையில்லை, நடுப்பகுதியில் பாதி மூடினாலே 'டொக்' வந்துவிடும். தார் கலந்த மலிவு ஷீட் வெயிலில் இளகி வழியும், நாறும். அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக, அண்டார்டிகாவிலிருந்து வரும் இன்னொரு வகையும் காமிக்ஸில் உண்டு. இது உறிஞ்சாது, பக்கத்தில் இருக்கும் உலோகங்களின் பிணைப்பை உடைத்து உருக்கிவிடும். 1966இல் அறிமுகமான இரண்டில் இதுதான் மூத்தது. இரண்டு வகையையும் ஒரே பெயரில் குறிப்பதால், பெட்டியைத் திறக்கும் முன் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வைக்கும் அலமாரி மரமாக இருக்கட்டும், ஆணி இல்லாமல் பசையில் ஒட்டியதாக.